ஐந்தடி உயர வாசல்

கீழ்வேளூர்

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத மனம் வரவில்லை, இருக்கிறோம்.

எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், அதனால் எழுதுகிறேன். வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற உன் அம்மாதான் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கச் சொன்னாள், தூக்கினோம், வாசல் இப்போது தெருவிலிருந்து ஐந்தடி உயரம். அடுத்த வருஷமே சர்க்கரையில் அவளுக்குக் கால் போகும் என்று யார் கண்டது. அக்காவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. இவளால் இறங்க முடியாது. சாயங்காலமானால் இரண்டு பேரும் தெருவுக்குக் குறுக்கே கத்திக் கத்திப் பேசுவார்கள், வீட்டு ரகசியமெல்லாம் ஊருக்கே தெரிந்துபோனது.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டலாம் என்று போன மாதம் கொத்தனார் பகலவனை அழைத்தேன். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே பன்னிரண்டடிதான். உயரம் ஐந்து, தரை பன்னிரண்டு, வர்க்கங்களைக் கூட்டினால் நூற்று அறுபத்தொன்பது, கர்ணம் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கரும்பலகையில் போட்ட கணக்கு. பதின்மூன்றடிக்குப் பலகை சாய்த்து, முதலில் நாற்காலியில் நெல் மூட்டையை வைத்து இறக்கிப் பார்த்தோம். பிடி நழுவி ஓடி அக்கா வீட்டு வாசலில் மோதி மூட்டை பிய்ந்து கொட்டியது, அவ்வளவு சரிவு. பயமில்லாமல் இறங்க ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி தரை வேண்டுமாம், ஆக அறுபதடி. கொல்லைப் பக்கம் வாய்க்கால். முன்பக்கம் அறுபதடி போட்டால் நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கூடத்தில்தான் போய் முடியும் என்றேன். அப்படியே கட்டுங்களேன் என்றாள் உன் அம்மா. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்து, அக்கா முகத்தைப் பார்க்க உன் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம் என்றார்கள். வேணாம்ப்பா, என்னைய நாலு பேரு தூக்குறது ஒரு தடவை போதும் என்று சொல்லிவிட்டாள். வாசலில் இருந்தபடியே அக்காவைக் கொண்டுபோவதைப் பார்த்தாள். அதிலிருந்து வாசல் பக்கமே வருவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. விடை சரியாக வந்து என்ன பிரயோஜனம், எனக்கு என் கணக்கின் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குளிர் நாளில் பிள்ளைக்குக் காதை மூடி அனுப்பு. லீவு கிடைத்தால் பார்க்கிறேன் என்று மட்டும் இந்தத் தடவை சொல்லாதே அம்மா. அவளால்தான் இறங்க முடியாது. நீ ஏறி வர எட்டுப் படிதான்.

உன் அப்பா
இராஜாங்கம்