காலியான துப்பாக்கி அலமாரி

அன்பு மகள் சையாவுக்கு அம்மா ஓர்வோக்கி எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி இலாரி எல்லாரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த வெலிங்டன் காற்றில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? வழக்கமாக எழுதுகிற வார்த்தையை இந்தத் தடவை ஏன் விட்டேன் என்று கேட்பாய், கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்றும் கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது, ஆற்றில் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது என்று பேச்சை மாற்றிவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இலாரிக்குக் கொஞ்சம் களைப்பு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது களைப்பு இல்லை சையா. கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது. மர ஆலையில் எல்லாரும் தன்னைப் பற்றியே குசுகுசுக்கிறார்கள் என்றான், பிறகு யாரும் இல்லாத இடத்திலும் குரல் கேட்கிறது, நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்கிறது என்றான். அதைக் கேட்டபோது என் கையில் இருந்த வாணலியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். குரல் கொஞ்சம் அடங்கியது, தூக்கம் வந்தது, ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது, பையன் ஜன்னலருகில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, அந்த மாத்திரையை விட்டால் அவன் போய்விடுவான் என்று ஒரே பயம். காலையில் பக்கத்தில் நின்று விழுங்க வைத்து, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று பார்ப்பேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, நாக்கைத் தூக்கிக் காட்டுவான். அப்படியும் ஒரு நாள் ஜெரேனியம் பூத்தொட்டி மண்ணில் ஒரு மாத்திரை கிடந்தது. அன்றிலிருந்து அவன் குளியலறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே துணி மடிப்பது போல நின்றேன், ஒரே துண்டை எத்தனை தடவை மடித்தேனோ.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? வேட்டைத் துப்பாக்கிகள் இருந்த அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் வேட்டைக் குழுவில் இருக்கும் எர்க்கி வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டார். என்னிடமும் சொல்லவில்லை, இலாரியிடமும் சொல்லவில்லை. கடமான் வேட்டை தொடங்கியபோது இவர் போகவில்லை, முட்டி வலி என்று ஊருக்குச் சொன்னார். காய்ச்சலோடு போன மனிதர், நீ பிறந்த வாரம் கூடப் போன மனிதர், முட்டி வலியாம். எனக்கே புரிந்துவிட்டது, ஆனால் நானும் கேட்கவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா, அன்பாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வோம், பயமாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வோம். அந்த வாரத்திலிருந்து இலாரி சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினான்.

தொட்டி மண்ணில் மாத்திரை கிடந்ததை நான்தான் மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், நாங்களே வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். டாக்டர் ஹன்னுவும் சினிக்கா என்ற நர்ஸும் வந்து நம் சமையலறையில் உட்கார்ந்தார்கள். முதலில் இலாரியிடம்தான் கேட்டார்கள், எதைப் பற்றிப் பேசலாம் என்று. அவன் பேசவில்லை, அப்பா பேசவில்லை, நான் காபி ஊற்றினேன், மறுபடி ஊற்றினேன். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, எங்கள் முன்னாலேயே எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதுதான் அவர்கள் முறையாம், முதுகுக்குப் பின்னால் எதுவும் பேசமாட்டார்களாம். “இந்த வீட்டுல எல்லாரும் இலாரியை நினைச்சுப் பயந்துபோயிருக்காங்கன்னு தோணுது, ஆனா அந்தப் பயத்தை யாரும் அவன்கிட்ட சொல்லல போல” என்றாள் சினிக்கா, நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க. எனக்கு முகம் பற்றி எரிந்தது, என் வீட்டு காபியைக் குடித்துக்கொண்டே இப்படி ஒரு பேச்சா என்று. அப்போதுதான் இலாரி வாயைத் திறந்தான். “அப்பா ஏன் வேட்டைக்குப் போகல?” என்று கேட்டான். அப்பா முட்டி வலி என்றார். “முட்டி இல்ல. அலமாரி காலியா இருக்கு. நான் உங்களைச் சுட்டுருவேன்னு நெனச்சீங்க, அந்தக் குரலும் அதையேதான் சொல்லுது” என்றான்.

சையா, உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றுதான் பார்த்தேன். “எல்லாத்தையும் எர்க்கி வீட்டுல வெச்சிருக்கேன். எங்களை இல்லடா, உன்னையே நீ” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. இலாரி காபிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினான். பிறகு, “துப்பாக்கி எர்க்கி மாமா வீட்டுலயே இருக்கட்டும், நானும் அதைத்தான் நெனச்சேன், ஆனா சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்” என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று அவன் சொன்னது எதை என்று எனக்குப் புரிந்தது. அப்பா முடிக்காமல் விட்டதைத்தான் அவன் சொன்னான்.

இப்போது அவர்கள் சொல்வது இது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, கை நடுங்குவதால் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள், ஒத்துவராவிட்டால் வேறு ஒன்று. அதோடு வாரா வாரம் சினிக்காவோடு தனியாகப் பேச்சு, குரல் கேட்கும் மற்றவர்கள் கூடும் ஒரு குழு, ஆலையில் அரை நாள் வேலை, நேரத்துக்குத் தூக்கம், மாதம் ஒரு முறை எங்கள் எல்லாரோடும் இப்படி ஒரு கூட்டம். நிலைமை மோசமானால் எந்த நேரமும் கூப்பிட ஒரு எண். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. குறைக்கிறார்கள் என்றதும் ஆற்றுப் பனியில் முதல் ஆளாகக் கால் வைப்பது போல இருக்கிறது. டாக்டரிடமே சொன்னேன், “குறைச்சு ஏதாவது ஆச்சுன்னா?” என்று. “அந்தப் பயத்தை இலாரிகிட்டயே சொல்லுங்க” என்றார். சொன்னேன். “எனக்கும் அதே பயம்தாம்மா” என்றான் அவன். நாக்கைத் தூக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன், மாத்திரை போட்டதும் அவனே சொல்கிறான்.

குரல் அதிகமானால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று அவனைக் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னான். அக்காவுக்கு எதுவும் தெரியாதே என்றேன் நான். “அப்ப மொதல்ல அவகிட்ட சொல்லு” என்றான். அதற்குத்தான் இந்தக் கடிதம். மாதக் கடைசி வியாழக்கிழமை கூட்டம், உங்களுக்கு அப்போது நடுராத்திரி தாண்டி வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும், போனை எடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே. அவனுக்குத் தைரியம் சொல்லாதே, பயமாக இருந்தால் பயம் என்றே சொல்.

அவனைப் பற்றி அவன் இல்லாமல் எதுவும் இல்லை என்ற அவர்கள் முறைப்படி இதை அவனுக்கே படித்துக் காட்டினேன். தபால் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும், நானே போனில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றான். மண்ணில் கிடந்த மாத்திரையைப் பற்றிய வரியைக்கூட அடித்துவிடச் சொல்லவில்லை. முதல் வரியில் மட்டும் கையை வைத்தான். எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தேன். “நலம்னு எழுதாதம்மா, அக்கா நம்பிருவா. எல்லாரும் இருக்கோம்னு எழுது” என்றான்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசி. நன்றாகச் சாப்பிடு, வியாழக்கிழமையை மறக்காதே.

இருக்கிற,
அம்மா, அப்பா, இலாரி