பந்தி வஞ்சனை

1938 ஆவணி, வியாழன். நெடுந்தீவு.

சூசை அண்ணையின் எட்டு நாம்பன் மாடுகளை இறைச்சிக்குக் கொழுக்க வைக்கும் என் பரிசோதனை கவிழ்ந்துவிட்டது. நான்குக்குப் புல்லோடு எள்ளுப் பிண்ணாக்கு, மற்ற நான்குக்கு வெறும் புல். இதுதான் ஏற்பாடு. இன்று கயிறு போட்டு நெஞ்சை அளந்தால் எட்டும் ஒரே பருமன். பிண்ணாக்கால் பயனில்லை என்று மேலிடத்துக்கு எழுத இருந்தேன். நல்ல வேளை, வெறும் புல் தின்னும் நாம்பன் ஒன்று என் கையை நக்கியது. வாயெல்லாம் எள்ளு வாசம்.

அண்ணையின் மனைவி மரியாக்காவைக் கேட்டேன்.

"ஓம் ஐயா, நான்தான் வைச்சனான். ஒண்டு தின்ன மற்றது பாத்துக்கொண்டு நிக்கிறதோ? பந்தி வஞ்சனை செய்ய என்னால ஏலாது."

நாளை இரண்டு கூட்டத்தையும் ஒன்றையொன்று பாராமல் வேறு வேறு பட்டியில் அடைக்க வேண்டும். அதற்கும் அக்காவின் மனம் பொறுக்குமோ தெரியாது.

அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கோபத்தோடுதான் இருந்தேன். என் சோற்றில் பாரைமீன் நடுத்துண்டு. அண்ணையின் சோற்றில் வால். அண்ணை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம், மாட்டுக்குத்தான் பந்தி வஞ்சனை கூடாது," என்றார்.

நான் துண்டை மாற்றிக் கொடுக்கவில்லை. நல்ல மீன்.