மேல் வளைவுக் கிரவல்

புதன்கிழமை.

எங்கள் லய வீடுகளுக்கு ஏறும் மண்பாதையில் இன்று கிரவல் சரளை போட்டோம். மலை வெட்டிய இடத்திலிருந்து கழுவாமல், சலிக்காமல் மண்ணோடு வந்தது. அந்த மண்தான் கல்லைப் பிடித்து வைக்குமாம். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வாரிப் பரப்பினோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சரசுதான் முன்னால் நின்றாள். போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு அவளைக் கம்பளியில் தூக்கி இறங்கியது இந்தச் சேற்றில்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை... எழுத வேண்டாம்.

கீழ்ப் பகுதியை இடித்து இறுக்கி முடித்தோம். மேல் வளைவை இடிப்பதற்குள் மழை கொட்டி, அங்கே போட்டதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"தார் போடுற வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேனே," என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னும் எத்தன வருசம் பொறுக்கிறதுங்கண்ணே?" என்று சரசு கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்: "தண்ணி போக கான் வெட்டாம போட்டது நம்ம தப்பு. நாளைக்குக் கான வெட்டிட்டு, மிச்சக் கிரவல போடுவோம்."

எங்கள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். நான் கீழ்ப் பகுதியில் நடந்து பார்த்தேன். இவ்வளவு மழைக்கும் கால் புதையவில்லை. நாளைக்குப் போடத்தான் போகிறோம்.

இப்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்கிறார்: "கான் வெட்டுறப்ப கல்ல நெம்பணுமே, நம்ம அலவாங்கு எங்க கெடக்கு?"