கதவுக்குப் பச்சை

மார்ச் 4

காலையில் எழுந்து வந்தால், ஹாலில் இருக்கும் பெரிய பூந்தொட்டியில் என் வீட்டுக்காரர் சிறுநீர் கழித்து வைத்திருக்கிறார். கிளையன்ட் வீடு பார்க்க வரும் நாள். தொட்டியை இழுத்துப்போய்க் கழுவி, ஜன்னலை எல்லாம் திறந்து, வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். இவரைப் பெட்ரூமில் உட்கார வைத்தேன்.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில்; என் வீடுதான் எனக்குக் கடை. எத்தனை படம் காட்டினாலும் முகம் சுளிப்பவர்கள்கூட இங்கே கூட்டிவந்து நிறுத்தினால் மடங்கிவிடுவார்கள். இந்த வருஷத்து மோஸ்தர் ஒரே நிறம். சுவர், கூரை, கதவு, ஜன்னல் சட்டம், ஸ்விட்ச் வரைக்கும் ஒரே டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்க வேண்டும். நான் அடித்திருப்பது காளான் நிறம். பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை.

வந்த அம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்கங்க?" என்றார். சுவரில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினேன். கதவு திறந்தது. பிடி கிடையாது, நிலைச்சட்டம் கிடையாது, ஒரு கோடுகூடத் தெரியாது. கைதட்டினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் முழுக் கதவையே சுவரில் மறைத்தவள். வேலை கிடைத்துவிட்டது.

மார்ச் 7

மகள் வந்தாள். வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். மறைக்க முடியவில்லை.

"எத்தனை நாளைக்கும்மா நீ ஒத்தை ஆளா பார்ப்ப?" என்றாள். மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் ஓர் அறை காலியாகுமாம். அங்கே அறை எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியாதா?

முப்பது வருஷம் ரயில் ஓட்டியவர். மழையோ பனியோ, பின்னால் தூங்குகிற அத்தனை பேரையும் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர். அவரைக் கொண்டுபோய் யாரோ வேளாவேளைக்கு மணி அடித்துச் சோறு போடும் இடத்தில் விடுவதா? "என் உடம்புல உசிரு இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. அவள் போனபிறகு அழுதேன்.

மார்ச் 9

இன்று தொட்டி இல்லை. துணி அலமாரி.

மார்ச் 12

பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் கருநீலக் கம்பளம் போட்டிருக்கிறேன். வெளிறிய தரைக்கு ஒரு அழுத்தம் வேண்டும் என்று தேடித்தேடி வாங்கியது. ஒரு வாரமாக அதன் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறார். "குழி" என்கிறார். ஒரு காலை நீட்டித் துழாவுகிறார், பின்னால் எடுத்துக்கொள்கிறார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பளத்தின் நடுவில் ஏறி நின்று குதித்தேன். "பாருங்க, குதிக்கிறேன். எங்க இருக்கு குழி? சொல்லுங்க, எங்க?" அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் மண்டியிட்டுக் கையை நீட்டினார். "கையப் புடி. மேல வா. மேல வந்துடு" என்று கதறினார்.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. முடியல. சத்தியமா என்னால முடியல. யார்கிட்ட போய்ச் சொல்றது இதை?

மார்ச் 15

தங்க விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடியில் இருக்கிறவனோடு சண்டை. "ஏன்டா முறைக்கிற?" என்று கேட்டிருக்கிறார். அவனும் பதிலுக்கு முறைத்திருக்கிறான். போன வருஷமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

மார்ச் 19

வெளியே போய்விட்டார்.

நான் போனில் ஒருவருக்குத் திரைச்சீலை மடிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். திரைச்சீலை மடிப்பு! திரும்பிப் பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். கார் ஒன்று பிரேக் அடித்த சத்தம் கேட்டது. அது வேறு யாருக்கோ அடித்தது.

தெருமுனை இஸ்திரிக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்காலில் ரத்தம். பேன்ட் நனைந்திருந்தது. "ஒவ்வொரு கடையா ஏறி பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டு வந்தாருங்க" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. சொந்த வீட்டில் பாத்ரூம் இருப்பதே மறந்துபோகிற அளவுக்கு முற்றிவிட்டதா?

மகளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "இன்னொரு தடவை நடந்தா நான் கேட்க மாட்டேன், கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது?

மார்ச் 24

டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் அறையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் தலைவலி வரும். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், பளீரென்று டியூப்லைட், அதில் சாக்லேட் பழுப்பில் ஒரு கதவு, கையளவு பெரிய பிடி. ரசனை என்பது அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

நான் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், நாற்காலியில் இவர் இல்லை. உயிரே போய்விட்டது. அந்தப் பழுப்புக் கதவு திறந்தது. பேன்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். தானாகப் போய், தானாக முடித்து, தானாக வந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் உறைத்தது. மறந்தது பாத்ரூமை இல்லை. என் வீட்டில் அவருக்குக் கதவே தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் மெல்லிய வித்தியாசங்கள் முதலில் போய்விடுமாம். சுவரும் கதவும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் சுவர்தான். தரையில் கறுப்பாக ஏதாவது கிடந்தால் பள்ளம்தான். "கலர் விஷயம் உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்றார் சாதாரணமாக.

ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவள். புருஷனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டிருக்கிறேன். அப்புறம் அவரையே திட்டியும் இருக்கிறேன்.

மார்ச் 26

கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் போட்டேன். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பெயின்டரைக் கூப்பிட்டேன். "அக்கா, அந்தக் கதவு தெரியக்கூடாதுன்னு நாலு கோட் அடிக்க வெச்சீங்களே!" என்றார். "இப்ப தெரியணும். தெருவுல நின்னாகூடத் தெரியணும்" என்றேன்.

சிவப்பு எடுத்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. அதிலும் என் புத்தி எங்கே போயிற்று பார் — அறைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே ஒரு பொருள் சிவப்பாக இருப்பதுதான் இப்போது மோஸ்தர், கிளையன்டுக்கும் ஆயிற்று, இவருக்கும் ஆயிற்று என்று ஒரு கணக்கு. பெரிய பித்தளைப் பிடியும் வைத்தாயிற்று.

மார்ச் 28

தோற்றுப்போனேன்.

காலையில் எழுந்து நேராகச் சிவப்புக் கதவுக்குப் போனார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கதவைப் பார்த்தார். நின்றார். விறைப்பாக, இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டே இருந்தார். "போங்க. அதுதான். உள்ள போங்க" என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அப்படியே காலோடு வழிந்து தரையில் தேங்கியது.

"நான் நின்னுட்டுதான் இருந்தேன்" என்றார். தப்பு செய்யாத பிள்ளை டீச்சரிடம் சொல்கிற மாதிரி. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

கதவும் தெரிகிறது, பிடியும் தெரிகிறது, போகத்தான் தெரியவில்லை. அப்படியென்றால் நிறத்தில் இல்லை, முடிந்துவிட்டது. மகளுக்குப் போன் செய்தேன். "அந்த ரூமுக்குச் சொல்லிடு." "சரிம்மா" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

மார்ச் 29

அவர் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். அங்கே பித்தான் இல்லாத சட்டைதான் வசதியாம். அவரிடம் அப்படி ஒன்றுகூட இல்லை.

மார்ச் 31

இன்றும் போய் நின்றார். இன்று இழுக்கவில்லை. இழுத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் போய் நானும் நின்றேன். சும்மா, பேச்சுக்கு, "எதுக்குங்க நிக்கிறோம்?" என்று கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "இன்னும் விழலையே" என்றார்.

"என்ன விழலை?"

"சிக்னல்."

வண்டிக்கு வழி கிடைத்தால் சிக்னல் விழுந்தது என்பார். எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன் இந்தப் பேச்சை! சிவப்பைக் கண்டால் நிற்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனுஷன். தாண்டினால் வேலை போகும், ஆள் உயிர் போகும். எல்லாம் மறந்த பிறகும் அது மறக்கவில்லை. நான் போய் அவர் பாத்ரூம் கதவில் சிவப்பு அடித்து வைத்திருக்கிறேன். ரயில்காரனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தோன்ற வேண்டாமா? மோஸ்தராம் மோஸ்தர். தூ.

பெயின்டருக்குப் போன். "பச்சை வேணும். சிக்னல் பச்சை."

"அக்கா... காளான் கலர் பக்கத்துல அது கண்ணைக் குத்தும்க்கா."

"குத்தட்டும்."

"உங்க வீட்டுல இதை நான் அடிச்சேன்னு வெளிய சொல்ல முடியாதுக்கா."

"சொல்லாதே. மிச்சம் இருக்கிற சிவப்பை வாசல் கதவுக்கு உள்பக்கம் அடிச்சிடு" என்றேன்.

ஏப்ரல் 3

போனார்! கதவைப் பார்த்தார், பிடியைத் திருகினார், போனார். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். குழாய்ச் சத்தத்துக்கு அழுத முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 6

வாசல் கதவு வரை போனார். சிவப்பைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து, "லேட்டாகும் போல" என்றார்.

ஏப்ரல் 11

அந்தக் கைதட்டிய அம்மாள் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தார். பச்சைக் கதவுக்கு எதிரில் அந்த அம்மாள் நின்றுவிட்டார். "இது... புது ட்ரெண்டுங்களா?" என்றார். "இல்லைங்க, பாத்ரூம்" என்றேன். போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிடைத்த வேலை கைவிட்டுப் போயிற்று, செய்ய மாட்டார்கள். நானே அவர்கள் இடத்தில் இருந்தால் செய்திருக்க மாட்டேன். அது உண்மையிலேயே பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 20

மகள் இரண்டு நாள் தங்கினாள். அவள் எதிரிலேயே அவர் பச்சைக்குப் போனார், வாசலில் சிவப்பைக் கண்டு திரும்பினார், தண்ணீர் குடிக்கத் தானாகச் சமையலறைக்குப் போனார். "அப்பாவுக்கு வீடு தெரியுதும்மா" என்றாள். இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டியில் அடுக்கியதை எல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

சாப்பிடக் கூப்பிட்டபோது என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். என்னைப் போய் 'நீங்க' என்கிறாரே, கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஆள் திரும்பி வருகிறார் போல.

ஏப்ரல் 27

கிண்டல் இல்லை.

மே 2

மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த எதிர்வீட்டம்மாள் நான் வந்ததும் கிளம்பிவிட்டார். இவர் எழுந்து நின்று, சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"வாங்க வாங்க. வீடு பார்க்கத்தானே வந்தீங்க? என் வீட்டுக்காரி வெளிய போயிருக்கா. நான் காட்டறேன்."

முன்னால் நடந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. ஹால், சமையலறை, ஜன்னல் ஓரம், எல்லாம் சரியாகச் சொன்னார். "எல்லாம் அவ எடுத்த கலர்" என்றார். அந்தப் பெருமையை இத்தனை வருஷத்தில் என் முகத்துக்கு நேராக ஒரு நாளும் காட்டியதில்லை.

பச்சைக் கதவுக்கு எதிரில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இதை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. எவனோ வந்து அடிச்சிட்டுப் போயிட்டான். அவ இன்னும் பார்க்கலை. கலர்ல இம்மி பிசகினாலும் அவளுக்கு ஆகாது, பார்த்தா வீட்டை ரெண்டாக்கிடுவா. நீங்க அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

"இருங்க, இப்ப வந்துடுவா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி அவளுக்காகக் காத்திருந்தோம்.