பெருக்கித் தள்ளிய மரத்தூள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன்.

கொல்லை மாமரத்தை வெட்டப் போகிறோம் என்று அப்பா போனில் சொன்னாரே, வெட்டவில்லை, மரம் நிற்கிறது. தப்பு என்னுடையது, அதை நானே சொல்லிவிடுகிறேன், அவர் சொன்னால் கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சொல்வார். மூன்று மாதமாக மரத்தடியில் தினமும் மரத்தூள் கிடந்தது. பக்கத்துப் பட்டறைத் தச்சர் அறுக்கிற தூள்தான் காற்றில் வருகிறது என்று நானே முடிவுகட்டி, காலையில் துளி மிச்சமில்லாமல் பெருக்கிவிட்டு, சுவரோரம் நின்று அந்த மனிதருக்கு நாலு பாட்டு விடுவேன். அவரும் பாவம், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பிறகு நீ ஏறி உட்கார்ந்து படித்த கிளை முழுசாகக் காய்ந்தது, அப்பா வெள்ளிக்கிழமை வெட்ட ஆள் சொல்லிவிட்டார்.

மரத்தைப் பலகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் அடிமரத்தில் ஒட்டியிருந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, “இது என் தூள் இல்லக்கா, ஈரமா இருக்கு, உள்ள வண்டுப் புழு தின்னுட்டிருக்கு, நீங்க தினம் பெருக்காம இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்” என்றார். முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. வெட்டினால் பலகை அவருக்கு, ஆனாலும் வெட்ட வேண்டாம் என்றார். சைக்கிள் சக்கரக் கம்பியின் நுனியை வளைத்துத் துளைக்குள் விட்டு, கட்டைவிரல் தடிமனில் ஐந்து புழுக்களை இழுத்துப் போட்டார். மருந்தில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசினோம், காய்ந்த கிளையை மட்டும் அறுத்தோம். உன் அப்பா, தானே பிடித்த மாதிரி உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பெருக்குகிறேன். பதினொரு நாளாகப் புதுத் தூள் இல்லை, உச்சியில் தளிர் விட்டிருக்கிறது, பிழைத்துவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை. தச்சரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று, பாட்டு நின்றதில் பட்டறையே வெறிச்சோடிவிட்டதாம்.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நன்றாக வாழ வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இன்னொன்று, மூன்று கடிதமாக எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுதுகிறாய், போனில் குரல் கம்மியிருக்கிறது. என் மகள்தானே, பெருக்கித் துடைத்துத்தான் அனுப்புவாய். இந்த முறை பெருக்காமல் எழுது, நான் குனிந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்ட உன் அம்மா