விசிறி இல்லாத விமானம்

கோர்படி, புனே
8.7.2001

அன்புள்ள மகன் கிரேக்குக்கு,

மம்மி ஆரோக்கியமணி எழுதுவது. மாதா துணையில் நானும் உன் டாடியும் நலமாக இருக்கிறோம். உன் போட்டோ கிடைத்தது. துபாய் ஹோட்டல்காரன் உன்னை அடுப்பங்கரையில் வைத்திருக்கிறானா, அடுப்புக்குள்ளேயே வைத்திருக்கிறானா? அப்படிக் கறுத்திருக்கிறாய்.

உன் கம்ப்யூட்டரைத் தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். போன மாதம் ஃபாக்டரியில் உன் டாடியை வீட்டுக்கு அனுப்பினார்களே, மறுநாளே துணியை எடுத்துவிட்டார். காலைக் காப்பியிலிருந்து ராத்திரிச் சப்பாத்தி வரை உன் விமானச் சண்டை விளையாட்டுதான். என்னோடு பேச்சே இல்லை. உப்பு என்பார், தண்ணீர் என்பார். தாலி கட்டினவரா, ஓட்டலுக்குச் சாப்பிட வந்தவரா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

நான் விடுவேனா? ஹாஸ்டல் சமையலை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மூக்கில் விசிறி வைத்த விமானம் என்றால் உன் டாடி ராஜா. விசிறி இல்லாத பழைய ஜெட்டில் ஏறினால் மட்டும், இறங்கும்போது ரன்வேக்கு முன்னாலேயே வயலில் விழுகிறார். விழுந்தபின் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வேலை போன மனுஷனுக்கு இதிலாவது ஒரு ஜெயம் கிடைக்கக் கூடாதா?

அவர் பிடித்துக் கொடுத்த சாகண் ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு நீ சொல்லாமல் டிக்கெட் எடுத்தாய் என்று அவருக்குக் கோபம். அவர் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை என்று உனக்குக் கோபம். நீ போன் செய்தால் பால் வாங்கப் போய்விடுகிறார். ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. ஆகவே ஜெட்டை எப்படி இறக்குவது என்று எனக்கு எழுது. உன் பேரை எடுக்காமல், நானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிவிடுகிறேன். உங்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முத்தங்களுடன்,
உன் மம்மி

துபாய்
2.8.2001

டியர் மம்மி,

என் தமிழ் பார்த்துச் சிரிக்காதே. ரூமில் இருக்கும் நாகர்கோவில் அண்ணன் உதவி செய்கிறான்.

விசிறி விமானத்தில் பவர் கேட்டால் உடனே வரும். பழைய ஜெட்டில் லேட்டாக வரும். இன்ஜின் மெதுவாகத்தான் ஏறும். டாடி இறங்கும்போது பவரை முழுசாக மூடுவார். என்னோடு விளையாடும்போதும் அப்படித்தான். கீழே போகிறது என்று தெரிந்ததும் பவர் லீவரைத் தள்ளுவார். அப்போது டைம் இருக்காது. பட்டென்று தள்ளினால் இன்ஜின் அணைந்தும் போகும். மூடவே கூடாது. கொஞ்சம் பவர் வைத்துக்கொண்டே வரணும்.

இன்னொன்று. மூடினால் விசிறியே காற்றில் பிரேக் மாதிரி பிடிக்கும். ஜெட்டுக்கு அது இல்லை. ஸ்பீடு குறைய ரொம்ப தூரம் வேண்டும்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. கேட்கமாட்டார். டாடி சாப்பிடுகிறாரா?

கிரேக்

கோர்படி, புனே
16.9.2001

என் செல்ல மகனே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்து, என் வழிக்கு மாற்றிக்கொண்டேன். விசிறி விமானம் கேஸ் அடுப்பு, திருகினால் தீ. ஜெட் கரி அடுப்பு, விருந்தாளி வாசலுக்கு வந்தபின் மூட்டினால் பட்டினிதான், முன்னாடியே கனிய வைக்கணும் என்று உன் டாடியிடம் சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உனக்கு யாருடி சொன்னா?"

"ஹாஸ்டல் பிள்ளைங்க."

நர்ஸ் படிக்கிற பெண்களுக்கு ஜெட் விமானம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊசி போடுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அன்றைக்கு ரன்வே வரைக்கும் வந்துவிட்டார். சக்கரம் மட்டும் உடைந்தது.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறார். எல்லாம் விமானப் பேச்சுதான், இருக்கட்டும். மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சண்டையில் எதிரியைத் துரத்தி வளைத்துத் திருப்பினால் ஜெட் சோர்ந்துபோகிறதாம், அப்போது சுட்டுவிடுகிறார்களாம். அதையும் உன் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் கேட்டு வா என்றார். எழுது.

கிறிஸ்மஸுக்கு வருவாய்தானே? அவர் வாயால் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்.

உன் மம்மி

துபாய்
20.11.2001

டியர் மம்மி,

விசிறி விமானம் மாதிரி ஜெட்டை வளைக்கக் கூடாது. வளைத்தால் ஸ்பீடு போகும். போன ஸ்பீடு சீக்கிரம் திரும்பி வராது. நேராக வேகமாகப் போய்ச் சுடணும், நிற்காமல் தூரமாகப் போகணும், மேலே ஏறித் திரும்பி வரணும்.

கிறிஸ்மஸுக்கு ஹோட்டலில் லீவு இல்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது எல்லாம் சொல்லிவிட்டேன் மம்மி. இனிமேல் ஏதாவது வேண்டும் என்றால் டாடியே என்னைக் கேட்கட்டும். இப்படி ஒளிந்து எழுதுவது நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் இருக்கிற மாதிரி இருக்கிறது. என்னால் முடியவில்லை.

கிரேக்

கோர்படி, புனே
19.12.2001

அன்பு மகனே,

இரண்டு வருஷம் என்று நீ எழுதியதை உன் டாடியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போன அன்றைக்குத்தான் இது நடந்தது.

ஹாஸ்டல் பெண்கள் லீவுக்குப் போய்விட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தாமல் இருந்தது. உன் டாடி என்னைக் கவனிக்கவில்லை. ஜெட் தூரத்திலிருந்தே மெல்ல மெல்ல இறங்கி வந்தது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடியும் அப்படியே இறக்கினார். ஒரு சந்தோஷமும் காட்டவில்லை, பழகிப்போன வேலையைச் செய்கிறவர் மாதிரி.

நான் சத்தம் போடாமல் கீழே போய், கடைக்குப் போய், கொத்துமல்லி வாங்கிக்கொண்டு, படியில் சத்தமாக ஏறி வந்தேன். பார்த்தால் விமானம் வயலில் உடைந்து கிடக்கிறது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் இறக்க வரலடி. அவன்கிட்ட எழுதிக் கேளு."

ஹாஸ்டல் பிள்ளைகள் என்று சொல்லவில்லை, மகனே. அவன் என்றார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்குக் கொத்துமல்லியை ஆய உட்கார்ந்துவிட்டேன். நீங்களே அவனிடம் நேராகப் பேசுங்களேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் மறுபடி விமானத்தை ஏற்ற ஆரம்பித்ததைப் பார்த்து விட்டுவிட்டேன். எழுதுகிறேன் என்றேன். இனிமேல் எழுதமாட்டேன் என்ற உன் கடிதம் என் பையிலேயே இருந்தது.

அதற்குப்பின் தினமும் நான் கடைக்குப் போய் வருகிற நேரத்துக்கு விழுகிறார். உன்னை மாற்றவும் என்னால் ஆகவில்லை, அவரை மாற்றவும் ஆகவில்லை. அவர் கேட்டதை உனக்கு எழுதிவிட்டேன்.

நேற்றுத் தபால்காரர் வந்தபோது உன் டாடியே கீழே இறங்கிப் போய் வாங்கினார். கரண்ட் பில்தான். மேலே வந்த பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் மம்மி