ஒன்றை அழுத்தவும்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. ஆனி பிறக்கும் முன்பே இப்படி. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து மரவள்ளிக் காட்டில்.

படிக்க வேண்டியவை: சோதனையின் ஏழு கோட்பாடுகள். எல்லை மதிப்பு. நிலை மாற்றம். முடிந்தால் ஒரு மாதிரித் தேர்வு. துவரம்பருப்பு வாங்க வேண்டும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து ரேவதி போன். பெங்களூரில் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தோம். பிரசவத்துக்கு ஊருக்கு வந்த நான் திரும்பவில்லை. "சர்டிஃபிகேட் இருந்தா வூட்லருந்தே வேலை பாக்கலாம்னு மேனேஜரே சொல்லிட்டாருடி. இருபத்தெட்டாந்தேதி பரீட்சய மட்டும் வுட்றாத." விடமாட்டேன் என்றேன்.

பிறகு அந்த அழைப்பு. செவ்வாய்தோறும். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் தானாகப் போடுவது. பதிவு செய்த பெண் குரல், சர்க்கரைப் பாகு மாதிரி. "செல்வி அவர்களே, உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவடைகிறது. உங்கள் குரல் கேட்டால் இப்போது திரும்பிப் பார்க்கும். குழந்தை நலம் என்றால் ஒன்றை அழுத்தவும். மருத்துவரிடம் பேச இரண்டை அழுத்தவும்."

குழந்தை மூன்றாவது வாரமே போய்விட்டது. அதே ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

எதையும் அழுத்தாமல் வைத்தேன். அப்படி வைத்தால் சாயங்காலம் வீட்டுக்காரர் எண்ணுக்குப் போகும்.

ஜூன் 12, வியாழன்

வெயில். கரண்ட் இல்லை. காகிதத்தில் படிப்பு.

நிலை மாற்றச் சோதனை. ஒரு பொருள் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்று வட்டமும் அம்புமாக வரைய வேண்டும். புத்தகத்தில் ஏ.டி.எம். கார்டு உதாரணம். நான் ஆஸ்பத்திரி அழைப்பை வரைந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை அங்கே போனது.

பதிவு. கர்ப்பம். பிரசவம். குழந்தை ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம்... அம்பு நேராக ஓடுகிறது. வெளியே போக ஓர் அம்பு கூட இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் என் மகளுக்குச் சாகத் தெரியாது. தடுப்பூசி போட்டுக்கொண்டு, பல் முளைத்து, வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

மதியம் பின்னால் தரையில் கை ஊன்றித் தவழ்கிற சத்தம். திரும்பவில்லை. காற்றில் நாட்காட்டித் தாள் சுவரில் உரசுவதுதான், தெரியும். தெரிந்தும் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

மாதிரித் தேர்வு: தேறவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் வந்தது. வைத்தேன்.

சாயங்காலம் காட்டுக்கு டீ கொண்டுபோனேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் அவர், எனக்கு முதுகு காட்டி. போனில் அந்தக் குரல். முழுக்கக் கேட்டார். கட்டைவிரலால் அழுத்தினார். "நன்றி. குழந்தை நலமுடன் வளர வாழ்த்துகள்."

"ஏங்க, ஒன்னயா அழுத்துனீங்க?"

திடுக்கிட்டார். டீயை வாங்கிக்கொண்டார்.

"ரெண்ட அழுத்துனா யாராச்சும் பேசுவாங்க செல்வி. அவங்ககிட்ட சொல்லணும்."

"வாராவாரமா?"

"ம்."

பிறகு, வாய்க்காலைப் பார்த்தபடியே: "அழுத்தறப்ப, எங்கியோ நல்லாத்தான் இருக்குதாட்டம் இருக்குது."

பால் புளித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி மீதி டீயைக் கொட்டினார். பால் நன்றாகத்தான் இருந்தது.

அழைப்பை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுத நினைத்திருந்தேன். இன்று மனசில்லை. இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

தருமபுரி. எனக்கு ரத்தப் பரிசோதனை. பஸ்ஸில் நின்றபடியே.

பிரசவம் பார்த்த அதே ஆஸ்பத்திரி கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவராம். கையில் பட்டன் போன், ரப்பர் பேண்ட் சுற்றியது.

"எம் மவ பிரசவத்துல போயிட்டாங்க. அவ போனு எங்கிட்டத்தான் இருக்குது. வாரந்தவறாம கூப்புட்டு, தாயே நல்லா சாப்புடுறியான்னு அவளக் கேக்குதுங்க. நா என்னன்னு சொல்லட்டும்? நிறுத்தச் சொல்லு சாமி."

கவுண்டர் பெண்ணுக்கு என் வயதுதான். திரையை அவர் பக்கம் திருப்பியே காட்டினாள். "எனக்கு மட்டும் ஆசையாங்கம்மா? இதுல அதுக்கு ஆப்ஷனே இல்லீங்க. பாருங்க."

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தார். நான் பார்த்தேன். உண்மைதான். இறந்ததாகக் குறிக்க ஓர் இடம் தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. யாரும் சாகாத சாஃப்ட்வேர்.

"போன மாத்திரலாமே ஆயா" என்று வரிசையில் யாரோ. "இதுல அவ பேசுனது இருக்குதே" என்றார்.

சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர்களின் மெயில் முகவரியைக் கவுண்டர் பெண்ணிடம் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

லேசான தூறல். மண் நனையவில்லை.

பிழை அறிக்கை எழுதினேன். பாடத்தில் உள்ளபடியே. தலைப்பு. செய்த படிகள். எதிர்பார்த்த விளைவு. உண்மையான விளைவு.

"தீவிரம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். புரோகிராம் முடங்கவில்லை, கணக்கு தப்பவில்லை. புத்தகப்படி தீவிரம் குறைவு. அப்படியே போட்டேன். "முன்னுரிமை: உடனடி." இரண்டும் வேறு வேறு என்பதை மறந்து மாதிரித் தேர்வில் எத்தனை முறை தப்பாகப் போட்டிருக்கிறேன். இனி போடமாட்டேன்.

அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். சித்தேரி அம்மாவைப் பற்றியும். "அனுப்பினா நமக்கும் வராதுங்க. பரவால்லீங்களா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தம்மா பாவம். அனுப்பு."

சாயங்காலம் அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 28, சனி

மொரப்பூரில் ரயில் ஏறி சேலம். பரீட்சை கம்ப்யூட்டரில். நிலை மாற்றக் கேள்வி வந்தது: லிஃப்ட் கதவு. சரியாகப் போட்டேன்.

தேர்ச்சி. அங்கேயே திரையில் வந்துவிட்டது. ரேவதி போனில் கத்தினாள். அவர் ஸ்டேஷனில் அல்வாப் பொட்டலத்தோடு. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இருவரும் சாப்பிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

நேற்று சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான். "சரி பண்ணிட்டோம் மேடம். உங்க ரெக்கார்டுலயே ஒருவாட்டி செக் பண்ணிச் சொல்றீங்களா? கேக்கவே சங்கடமா இருக்குதுங்க." திருத்தியது உண்மையில் திருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதும் டெஸ்டர் வேலைதான். அதற்கும் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு.

இன்று இருவருமாகப் போனோம். கவுண்டர் பெண் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள். என் பதிவு. அதற்குக் கீழே "செல்வியின் குழந்தை, பெண்". பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: உயிருடன் இல்லை.

அவர் கேட்டார், "நா பண்ணட்டா?"

மவுஸைக் கொடுத்தேன். கட்டத்தில் டிக் விழுந்தது. சேமி என்று அழுத்தினார். சிவப்பில் வந்தது: குழந்தையின் பெயரை உள்ளிடவும்.

பெயர் இல்லாமல் சேமிக்காது. நாங்கள் வைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வைக்கலாம் என்றிருந்தோம்.

கவுண்டர் பெண், "எதயாச்சும் போடுங்கக்கா, எக்ஸ்னு போட்டாக்கூட ஏத்துக்கும்" என்றாள்.

அவர் நகரவில்லை. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அடித்தார். கயல்.

"எப்ப வெச்சீங்க?"

"மொத நாளே. கண்ணாடி வழியா பாத்தப்ப."

சேமிக்கப்பட்டது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

ஜூலை 4, வெள்ளி

மேகம். மழை இல்லை.

இன்னொரு பிழை அறிக்கை அனுப்பினேன். பெயர் கட்டாயம் என்று இருக்கக் கூடாது. பெயர் வைக்காத தாய்மார்கள் உண்டு. எல்லோர் பக்கத்திலும் ஒருவர் நின்றுகொண்டிருக்க மாட்டார். தீவிரம்: அதிகம். முன்னுரிமை: உடனடி.

பெங்களூர் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். துணி ஊறுகிறது.

இதை எழுதும்போது காட்டுக் கடைசியிலிருந்து அவர் குரல். கல்யாணமான நாளிலிருந்து செல்வி என்றுதான் கூப்பிடுவார்.

"கயலம்மா! மோட்டார நிறுத்து!"

ஒரு நொடி, யாரையோ என்று இருந்துவிட்டேன்.

"இதோ வர்றங்க."